குரூப் போட்டோவுல நைனா

எங்க நைனாவுக்குத் தனியா ஒரு போட்டோ கிடையாது. கல்யாணத்துலயும் எடுக்கல, செத்தப்பவும் எடுக்கல. அந்தக் காலத்துல எங்க காலனியில எந்த ஊட்டுலயுமே போட்டோ கிடையாது, அதனால அது ஒண்ணும் அதிசயமில்ல. ஆனா அவரு ஆடின புட்பால் டீமை ஒருவாட்டி திருவள்ளூர்ல இருந்து ஸ்டுடியோக்காரரு வந்து குரூப் போட்டோ எடுத்துக்கினு போனாரு. அது பெரிய ஊட்டுக் கூடத்துல மாட்டிகீதுன்னு எல்லாருக்கும் தெரியும். எங்க அம்மாவுக்கும் தெரியும். தெரிஞ்சு இன்னா பண்றது? நிலத்துக்குச் சொந்தக்காரங்களை நாங்க ஆண்டைன்னுதான் கூப்பிடணும், அந்த ஆண்டை ஊட்டுல எங்களுக்கு மாட்டுக் கொட்டாய் வரைக்குந்தான் வழி.

கண்ணால பாக்காத அந்தப் போட்டோவை நெனச்சுக்கினே அம்மா வருசத்தை ஓட்டுச்சு. "அவரு மூஞ்சி மறந்துடும்போல கீதுடா"ன்னு சில நாள் சோறு போடும்போது சொல்லும். "ஒரே ஒரு தபா பாத்தா போதும், அப்பால மறக்காது." எனக்கு அந்தப் பேச்சே புடிக்காது. "சோத்தைப் போடும்மா"ன்னு கத்துவேன். ஏன் கத்தினேன்னு கேட்டா, எனக்கும் மூஞ்சி மறந்துக்கினு வந்துச்சு, அதான். எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் அவரு காலும், ஓட்டமும், தண்ணி குடிக்கிற அழகும்.

எங்க ஊரு வேப்பம்பட்டு ஸ்டேஷன்ல எறங்கி நடக்கிற தூரம். இப்ப அங்க பிளாட்டு போட்டு ஊடா கட்டித் தள்ளிட்டாங்க, அப்ப பாத்த பக்கமெல்லாம் வயலு. நைனா ஆண்டை நிலத்துல ஏர் ஓட்டினவரு. மேட்ச் நாள்ல மத்தியானமா சின்ன ஆண்டை, அதான் பெரியவரோட பையன், சைக்கிளை மிதிச்சுக்கினு வரப்போரம் வந்து நிப்பாரு. அவருதான் டீம் கேப்டன். "டேய், வரப்பு மேல ஏறுடா, நேரமாச்சு"ன்னு ஒரு சத்தம் போடுவாரு. நைனா ஏரை அடுத்த ஆள் கையில குடுத்துட்டு, வாய்க்கால்ல முழங்கால் வரைக்கும் சேத்தைக் கழுவிக்கினு, ஈரக் காலோட கிரவுண்டுக்கு நடப்பாரு. கிரவுண்டுன்னா ஏரியில தண்ணி வத்தின எடம். சுண்ணாம்புக் கோடு, மூங்கில் கோல் போஸ்ட்டு. டீம்ல பாதிப் பேரு கான்வாஸ் ஷூ போட்டிருப்பாங்க. எங்க நைனா வெறுங்காலு.

ஆனா ஆட்டம்! அடேயப்பா. பந்து அவரு கால்ல வந்துச்சுன்னா அப்பால அவரா பாத்து உட்டாத்தான் உண்டு. எதிர் டீமுல கோலைக் காக்கிற பேக்கு ரெண்டு பேரு மேல வந்து உழுந்தாலும் நடுவுல பூந்து அந்தாண்ட வந்துடுவாரு. திருநின்றவூர் டீம்காரங்க ஒருவாட்டி மேட்ச்சுக்கு முன்னாடியே வந்து, "அந்த வெறுங்கால்காரனை இன்னிக்கு உக்கார வைங்கப்பா, நல்லா இருப்பீங்க"ன்னு கேப்டன்கிட்ட கெஞ்சினாங்க. அதைக் கேட்டு ஊரே சிரிச்சுது. நான் ஒரு வாரம் அதையே சொல்லிச் சொல்லி பசங்க உசுரை வாங்கினேன்.

நான் கோட்டுக்கு வெளிய குந்திக்கினு பாப்பேன். ஆப் டைம்ல மத்தவங்க எல்லாரும் புளிய மரத்தடியில ஒண்ணா குந்துவாங்க. நைனாவுக்குத் தள்ளி ஒரு பனை மரம். கேப்டனுக்கே தனி மரம் இல்ல, எங்க நைனாவுக்கு கீது பாருன்னு நெனப்பேன். மத்தவங்க சொம்பைக் கை மாத்திக் கை மாத்திக் குடிப்பாங்க. நைனாவுக்கு மட்டும் ஒருத்தரு எழுந்து வந்து, நின்னுக்கினு, உசரத்துல இருந்து ஊத்துவாரு. நைனா குனிஞ்சு ரெண்டு கையையும் சேத்துக் குவிச்சு வாய்கிட்ட வச்சு, ஒரு சொட்டு கீழ உழாம மடக் மடக்குன்னு குடிப்பாரு. கோல் போட்டா மத்தவங்களை ஆளாளுக்குக் கட்டிப் புடிச்சுத் தூக்குவாங்க. நைனா போட்டா எட்ட நின்னு கை தட்டுவாங்க. ஒருத்தரும் தொடமாட்டாங்க. அம்மாம் மரியாதைன்னு நெனச்சேன் நான்.

சிரிக்காதீங்க. சின்னப் புள்ள, விவரம் தெரியாதுன்னு சொல்லித் தப்பிச்சுக்க முடியாது. டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாசு, ஊர்த் தெருவுக்குள்ள போனா தோள்ல துண்டு இருக்கக் கூடாது, கோயில்னா தேர் நிக்கிற எடத்தோட சரி. இதெல்லாம் எங்க காலனியில பால் குடிக்கிற புள்ளைக்கும் தெரியும். ஆனா கிரவுண்டை அந்தக் கணக்குல நான் சேக்கவே இல்ல. ஊர் சனமே எழுந்து நின்னு "அடி, அடி"ன்னு எங்க நைனாவைப் பாத்துக் கத்துற எடமாச்சே, அங்க எப்படி அதெல்லாம் இருக்கும்? அவரை உடச் சின்னவரு அந்தக் கேப்டன், "வாடா, போடா"ன்னுதான் கூப்பிடுவாரு. பிளேயருங்க அப்படித்தான் பேசிக்குவாங்கன்னு விட்டுட்டேன். நைனா திருப்பி "வரேங்க ஆண்ட"ன்னு சொன்னதை என் காது வாங்கவே இல்ல.

காலனிப் பசங்க நாங்க துணியைச் சுத்திப் பந்து செஞ்சு ஆடுவோம். ஆட்டம் முடிஞ்சா நான் மட்டும் போய் தனியா நிப்பேன். எவனாவது டப்பாவுல தண்ணி மொண்டாந்து என் கையில உசரத்துல இருந்து ஊத்தணும். "இது எங்க நைனா ஸ்டைலு." பசங்களும் ஊத்தினானுங்க. அதுல சில பேரு, "எனக்கும் ஊத்துடா"ன்னு வரிசையில வேற நின்னானுங்க. இப்ப நெனச்சாலும் உடம்பெல்லாம் கூசுது.

நைனா செத்தது கால்ல துரு ஆணி ஏறி. மேட்ச்லதான் ஏறுச்சு. புடுங்கிப் போட்டுட்டு ஆட்டத்தை முடிச்சாரு, மறுநாள் எரு அள்ளப் போயிட்டாரு. அப்பால ஜன்னி கண்டு தாடை கட்டிக்கிச்சு. கட்டை வண்டியில ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. எடுக்கிற அன்னிக்கு டீம்காரங்க வந்தாங்க. காலனிக்குள்ள வரல, வேலிக்கு அந்தாண்ட நின்னு மாலையைக் குடுத்தனுப்பினாங்க. அவ்ளோ அழுகையிலயும் எனக்குப் பெருமை. பாத்தியா, டீமே வந்துகீதுன்னு மனசுக்குள்ள சொல்லிக்கினேன்.

அதுக்கு அப்பால அம்மா என்னை இட்டுக்கினு கும்மிடிப்பூண்டிப் பக்கம் செங்கச் சூளை வேலைக்கு வந்துடுச்சு. அம்மா கூடப் பொறந்த மாமன் மட்டும் ஊர்லயே ஆண்டை நிலத்துல ஏர் புடிச்சுக்கினு இருந்தாரு. நான் கல்லு சுமந்து வளந்தேன். எழுபதாம் வருசத்துக்கு மேல அந்தப் பக்கம் கம்பெனிங்க வர ஆரம்பிச்சுது. முள்ளுக்காட்டை வெட்டி, ரோடு போட்டு, ஷெட்டு ஷெட்டா எழுப்பினாங்க. ஒரு இரும்புக் கம்பெனியில ஆள் எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போய் நின்னேன். அங்க மேனேஜருக்குப் புட்பால்னா பைத்தியம். "உனக்கு ஆட வருமா?"ன்னாரு. "எங்க நைனா பெரிய பிளேயரு சார்"ன்னேன். கேட்ட கேள்விக்கு அதுவா பதிலு? சிரிச்சுட்டு எடுத்துக்கினாரு.

வேலையை உட எனக்கு டீம்தான் பெரிசு. கம்பெனியில பூட்ஸ் குடுத்தாங்க. அதைப் போட்டுக்கினு நடந்தா கல்லைக் கட்டிக்கினு நடக்கிற மாதிரி இருந்துச்சு, ஆனா கழட்டவே மனசு வராது. நாஷ்டா துன்ற எடம், குளிக்கிற எடம், எங்க போனாலும் நைனா புராணம்தான். திருநின்றவூர்காரங்க கெஞ்சின கதையை எல்லாரும் மனப்பாடமா சொல்ற அளவுக்குச் சொல்லிட்டேன். "நைனா பைத்தியம்"னே எனக்குப் பேரு வச்சுட்டானுங்க. எனக்கு அதுவும் சந்தோசம். ஊரு உலகம் மறந்துபோன ஆளை நான் ஒருத்தன் தூக்கிக்கினு நடக்கிறேன்னு ஒரு நெனப்பு.

மொத மேட்ச் புதுவாயல்ல. பஸ்ஸு லாரிங்க போற ரோட்டை ஒட்டி ஒரு பொட்டல். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்துலயே நான் ஒரு கோல் போட்டேன். உடனே நாலு பேரு ஓடி வந்து மேல உழுந்தானுங்க, ஒருத்தன் முதுகுல ஏறிக்கினான். எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. நைனாவை ஒருத்தரும் தொடமாட்டாங்களே, நம்மளை இப்படிப் பிசையறானுங்களே, நம்ம ஆட்டம் அவரு அளவுக்கு இல்லபோலன்னு மனசு சின்னதாப் போச்சு. நெசமா அப்படித்தான் நெனச்சேன்.

ஆப் டைம். எல்லாரும் ஒரே எடத்துல குந்தினோம். எங்க கோல் கீப்பரு பழவேற்காட்டுப் பக்கத்து ஆளு, மீன் புடிக்கிற குடும்பம், ஆறடி இருப்பாரு. கோலி அண்ணன்னு கூப்பிடுவோம். அவரு பக்கெட்டுல இருந்து சொம்புல மொண்டு மொதல்ல எனக்கு நீட்டினாரு. கோல் போட்டவன் இல்லியா. நான் வாங்கல. எழுந்து தள்ளிப் போயி, குனிஞ்சு, ரெண்டு கையையும் குவிச்சுக்கினு நின்னேன்.

"இன்னாடா?"ன்னாரு.

"ஊத்துண்ணே. நின்னுக்கினு உசரத்துல இருந்து ஊத்து. எங்க நைனா ஸ்டைலு."

ஒருத்தன் கெக்கேன்னு சிரிச்சான், பக்கத்துல இருந்தவன் அவன் தொடையில ஒரு அடி வச்சான். எங்க டீம்ல எங்களை மாதிரியே காலனியில இருந்து வந்த வயசாளி ஒருத்தரு இருந்தாரு. அவரு எழுந்து ரோட்டுப் பக்கம் போயிட்டாரு.

"யார்றா உனக்கு இப்படிச் சொல்லிக் குடுத்தது?"ன்னாரு கோலி அண்ணன்.

"யாரும் சொல்லிக் குடுக்கல. நைனா கிரவுண்டுல இப்படித்தான் குடிப்பாரு. இன்னொரு பிளேயரு ஊத்துவாரு."

"சரி, ஊத்துன ஆளு எப்படிக் குடிப்பான்?"

"சொம்புல"ன்னேன். அந்த ஒரு வார்த்தை வாயை விட்டு வெளிய வரும்போதே எனக்குப் புரிஞ்சுபோச்சு.

பனை மரம், எட்ட நின்னு தட்டின கை, வேலிக்கு அந்தாண்ட இருந்து வந்த மாலை, எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு வந்து உழுந்துச்சு. குவிச்ச கையைப் பிரிக்கவும் முடியல, அப்படியே வச்சிக்கினு இருக்கவும் முடியல. கோலி அண்ணன் சொம்பைத் தூக்கி, வாய் வச்சு உறிஞ்சி ரெண்டு மடக்கு குடிச்சாரு. அப்பால அதே சொம்பை என் கையில திணிச்சாரு. "என் எச்சிதான். குடிடா. பேஜாரு பண்ணாத, விசில் ஊதிடுவான்." குடிச்சேன். அன்னிக்குப் பந்து என் கால் பக்கம் வந்தப்பல்லாம் அதைப் பாத்தே எனக்கு வெக்கமா இருந்துச்சு, மூணு பாஸ் தப்பா குடுத்துத் தோத்தோம்.

ஊட்டுக்கு வந்தா அம்மா மொறத்துல அரிசி புடைச்சுக்கினு இருந்துச்சு. வந்ததும் வராததுமா, "நைனா கிரவுண்டுல எப்படித் தண்ணி குடிச்சாருன்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கேட்டேன்.

"ஏன், தெரியாம? ஊருக்கே தெரியும்."

"அப்பால ஏன் அங்க போயி ஆடினாரு? ரோஷம் கிடையாதா அந்த ஆளுக்கு?"

அம்மா தலையைத் தூக்காமலே சொல்லுச்சு. "அவருக்குத் தண்ணியா பெரிசு? பந்துடா. பந்து அவங்ககிட்டதான் இருந்துச்சு. வேற எங்க போயி ஆடுவாரு?"

"அதுக்காக நாய் மாதிரியா..." முடிக்கல நான், மொறம் பறந்து வந்து தோள்ல உழுந்துச்சு. அரிசி ஊடு பூரா. "அந்தாண்ட போடா! அவரைப் பேச உனக்கு வாயா கீது?" பொறுக்கி எடுக்க அம்மாவும் குனியல, நானும் குனியல.

அதுக்கு அப்பால கம்பெனியில நைனா பேச்சை நான் எடுக்கிறதே இல்ல. புதுசா வந்தவன் எவனாவது, "உங்கப்பா பெரிய பிளேயராமே"ன்னா, "அதெல்லாம் சும்மா"ன்னு தள்ளிடுவேன். எந்த வாயால ஊர் ஊரா பீத்தினேனோ அதே வாயால. செத்த மனுசனை நெனச்சு வெக்கம். அந்த வெக்கத்தை நெனச்சு ஒரு வெக்கம். சோறு எறங்குமா? ஆட்டம் மட்டும் நல்லா வந்துச்சு, அதுதான் கொடுமை. பந்து கால்ல வந்தா நான் போற போக்கு அப்படியே நைனா போக்குன்னு எனக்கே தெரியும். வேற மாதிரி ஆடிப் பாக்கலாம்னு முயற்சி பண்ணேன். கால் கேக்கல.

இப்படி இருக்கிறப்ப ஒரு ஞாயித்துக்கெழமை மாமன் வந்து நின்னாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "சின்ன ஆண்டை சொல்லி அனுப்பினாரு. ஊர்ல கப்பு மேட்ச் வைக்கிறாங்க, உங்க நைனா ஞாபகமா. நீ பெரிய கம்பெனியில ஆடறது அவங்க காதுக்குப் போயிகீது. வந்து உங்க நைனா எடத்துல ஒரு மேட்ச் ஆடணுமாம். அந்த குரூப் போட்டோவைக் கிரவுண்டுக்குக் கொண்டாந்து மாலை போடறாங்களாம்."

"நான் வரல"ன்னேன். மாமன் சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. மறுநாள் காலையில நான் வேலைக்குக் கெளம்பறப்ப அம்மா வாசப்படியில குறுக்க குந்திக்கினு இருந்துச்சு. "நீ ஆடு, ஆடாத போ, அது உன் இஷ்டம். எனக்கு அந்தப் போட்டோவை மட்டும் ஒரு தபா காட்டிடு"ன்னுச்சு. அதுக்கு மேல நான் இன்னா சொல்லட்டும்?

கும்மிடிப்பூண்டியில ரயிலேறி, பேசின் பிரிட்ஜ்ல மாறி, வேப்பம்பட்டுல எறங்கினோம். அம்மா இருக்கிறதுல நல்ல சேலையைக் கட்டிக்கினு, தலைக்கு எண்ணெ வச்சு இழுத்து வாரியிருந்துச்சு. வழியில ஒரே ஒரு தபா, "சிரிச்ச மாதிரி நிப்பாரா, மொறைச்ச மாதிரி நிப்பாரா?"ன்னு கேட்டுச்சு. "எனக்கு எப்படிம்மா தெரியும்?"னேன்.

கிரவுண்டுல மைக் செட்டு, கூம்பு ஸ்பீக்கரு, கொடித் தோரணம். பெஞ்சுங்களை ஒண்ணு சேத்து மேடை. மேடையில ஒரு நாற்காலி, அதுல அந்தப் போட்டோ. ஆனா அதுக்கு அம்மாம் பெரிய சாமந்தி மாலையைப் போட்டு வச்சிருந்தாங்க. ரெண்டு பக்கமும் மறைஞ்சு, நடுவுல நாற்காலியில குந்தியிருக்கிறவங்க மூஞ்சி மட்டும் தெரியுது. அம்மா எட்ட நின்னு எக்கி எக்கிப் பாத்துச்சு. ஆட்டம் முடிஞ்சு பரிசு குடுக்கிறப்பதான் மேடைக்குக் கூப்பிடுவாங்கன்னு மாமன் சொன்னாரு.

சின்ன ஆண்டைக்குத் தொப்பை போட்டிருந்துச்சு, முடி நரைச்சிருந்துச்சு. என்னைப் பாத்ததும், "வாப்பா வா"ன்னாரு. வாடான்னு சொல்லல. "உங்கப்பன் ஆடின எடம் இது. அவன மாதிரி ஒருத்தன் இன்னும் பொறக்கல. இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லப்பா, காலம் மாறிப்போச்சு." நல்ல மாதிரியாத்தான் பேசினாரு. நான் பூட்ஸைக் கட்டிக்கினு எறங்கினேன்.

ஆப் டைம்ல எல்லாரோடயும் புளிய மரத்தடியில என்னையும் குந்த வச்சாங்க. சொம்பு கை மாறி கை மாறி வந்துச்சு. எனக்குப் பக்கத்துல குந்தியிருந்த பையன் குடிச்சுட்டு, எனக்குத் தராம, எந்திரிச்சுக் கை நீட்டி அந்தாண்ட இருந்தவனுக்குக் குடுத்தான். அப்பத்தான் சின்ன ஆண்டை தானே எழுந்து வந்தாரு. கையில புது எவர்சில்வர் டம்ளரு. ஒட்டின சீட்டு கூடக் கிழிக்கல. "உனக்குன்னே வாங்கினது. இன்னிக்கு நீதானே மாப்பிள்ளை"ன்னு சிரிச்சுக்கினே அதுல ஊத்தி, என் பக்கத்துல தரையில வச்சாரு.

இது மரியாதையா, இல்ல மத்ததான்னு எனக்குப் பிரிக்கத் தெரியல. அவருக்கே தெரிஞ்சிருக்குமான்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குச் சந்தேகம்தான். அந்த டம்ளரைத் தூக்கிக் கடாசியிருக்கலாம். இல்ல எழுந்து போய்ச் சொம்பைப் புடுங்கி வாய் வச்சுக் குடிச்சிருக்கலாம். நான் ரெண்டும் பண்ணல. "தாகம் இல்லீங்க"ன்னேன். நாக்கு மேல்வாயில ஒட்டிக்கினு இருந்துச்சு.

அப்பால ஒரு கோல் போட்டேன். சனம் அப்படிக் கத்துச்சு. டீம் பசங்க என்னைக் கட்டிப் புடிப்பானுங்களா, எட்ட நிப்பானுங்களா, அதைப் பாக்கவே எனக்குப் பயம். எவனும் எதுவும் பண்றதுக்கு முன்னாடி திரும்பி நடுக் கோட்டுக்கு ஓடியாந்துட்டேன். அதனால அந்த பதிலும் எனக்குத் தெரியாது.

ஜெயிச்சோம். மைக்ல சின்ன ஆண்டை நைனா பேரைச் சொன்னாரு. ஏரி பூரா அந்தப் பேரு கேட்டுச்சு. அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டாங்க. அம்மா செருப்பைக் கீழயே கழட்டிட்டு ஏறுச்சு. நான் பின்னாடியே ஏறினேன். கையில குடுத்த பூவைப் போட்டுட்டு, அம்மா அந்த மாலையை ரெண்டு கையாலயும் புடிச்சு மெதுவா மேல தூக்குச்சு.

நடுவுல கப்பு. குந்தியிருக்கிறவங்க, பின்னால நிக்கிறவங்க, எல்லாம் தெளிவா. அம்மா விரலு கண்ணாடி மேல ஒவ்வொரு மூஞ்சியா போச்சு. இந்தப் பக்கம் முடிச்சுட்டு அந்தப் பக்கம் போச்சு. அங்க நிக்கிற கடைசி ஆளுக்கு அப்பால காலி எடம், ஒரு ஆளு தாராளமா நிக்கலாம். அந்தக் காலி எடமும் முடிஞ்சு, சட்டத்தை ஒட்டினாப்புல ஒரு கை. முழங்கைக்குக் கீழ வெறும் கை மட்டும். கீழ பாதி முட்டியும், வெறும் பாதமும். அதோட மரச் சட்டம் வந்துடுச்சு.

ஸ்டுடியோக்காரரு ஒரு அடி பின்னால நகந்திருந்தா போதும். இல்லாட்டி நைனாவை ஒரு அடி கிட்ட வான்னு யாராவது சொல்லியிருந்தா போதும். சின்ன ஆண்டையும் குனிஞ்சு பாத்தாரு. "அட, கடைசியில நின்னானே"ன்னு சட்டத்தையே பாத்தாரு. தெனம் அந்தப் போட்டோவுக்குக் கீழ குந்திச் சோறு துன்ற மனுசன், அன்னிக்குத்தான் அதைப் பாக்கிறாரு.

அம்மா விரலு அந்தக் கை மேலயே நின்னுச்சு. "அவருதான்"னுச்சு. "கட்டை விரலு நகம் ஏரு பட்டுச் சொத்தையாப் போனது. அவருதான்." அப்பால நிமிந்து, "நல்லா எடுத்திருக்காங்க ஆண்ட"ன்னு கும்பிட்டுட்டு மாலையைப் பழையபடி எறக்கி உட்டுச்சு.

என் கையில மைக்கைக் குடுத்து, "அப்பாவைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லுப்பா"ன்னாங்க. எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. எதிர்ல அவ்ளோ சனம். ஊரு முன்னாடி, காலனி ஓரமா. அம்மாவைத் திரும்பிப் பாத்தேன். மூஞ்சியில ஒண்ணுமே இல்ல, அமைதியா நிக்குது. பாவம், ஆசைப்பட்டதைப் பாத்துடுச்சு, திருப்தியா கீது, நாம இன்னாத்துக்குக் கெடுக்கணும்னு நெனச்சேன். "எங்க நைனாவுக்கு மரியாதை பண்ண எல்லாருக்கும் நன்றி"ன்னேன். கை தட்டினாங்க.

ஸ்டேஷனுக்கு நடந்தோம். அம்மா முன்னாடி விறுவிறுன்னு போச்சு. நைனா ஞாபகமா எனக்குக் குடுத்த கப்பைத் தூக்கிக்கினு நான் பின்னாடி. கோவத்தை அடக்கிக்கினதுல எனக்கே என்னைப் பத்திக் கொஞ்சம் பெருமையா வேற இருந்துச்சு. "பாத்துட்டியாம்மா, போதுமா?"ன்னேன்.

அம்மா நின்னு திரும்புச்சு. "கையைப் பாத்தேன். மிச்ச ஆளு எங்கடா?"

நான் கப்பை ஒரு கையில இருந்து இன்னொரு கைக்கு மாத்தினேன்.

"நான் அங்க கேட்டிருந்தா நாளைக்கு உங்க மாமனுக்கு ஏர் கெடையாது. அதான் கும்பிட்டுட்டு எறங்கினேன். உனக்கு இன்னாடா வந்துச்சு? கம்பெனிச் சம்பளம். அவங்க நெலத்துல உனக்கு ஒரு பிடி வேலை இல்ல. ஊரே எதிர்ல குந்திகீது, மைக்கை உன் கையில குடுக்கிறான். மிச்ச ஆளை எங்கய்யா வெட்டிப் போட்டீங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சா உன் வாயில? நன்றி சொல்றான், நன்றி. யாருக்காகடா வாயை மூடிக்கின?"

"உனக்காகத்தாம்மா"ன்னேன்.

"நான் கேட்டனா?"ன்னுச்சு அம்மா.

வண்டி வந்துச்சு. அம்மா என்னைத் திரும்பிப் பாக்காம நேரா நடந்து போயி பொம்பளைங்க பெட்டியில ஏறிக்கிச்சு.